அந்த ரீல்ஸில் என்னை இனி டேக் செய்யாதீர்கள்

நேற்று மத்தியானத்திலிருந்து பதினோரு பேர். பார்த்துவிட்டேன், போதும். "பாழான நகமா? மூணே சிட்டிங்ல பழையபடி!" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற அந்த அக்காவையும் தெரியும், பின்னால் கிடக்கும் ரோஸ் கலர் சோபாவையும் தெரியும். நாலு வருஷம் அந்த பியூட்டி பார்லர் சோபாவில் உட்கார்ந்தவள் நான். மார்ச்சில், ஜெல் பாலிஷ் போட்டுப் போட்டுக் கெட்டுப்போன என் நகத்தின் போட்டோ போட்டபோது எங்கே கெட்டது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் கடைப் பெயர் சொல்ல மாட்டேன், இன்பாக்ஸில் வந்து நச்சரிக்காதீர்கள். ஆனால் கெடுத்த இடத்திலேயே ரிப்பேர் பேக்கேஜும் விற்கிறார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். நகத்தை ரிப்பேர் செய்ய முடியாது. வெளியே தெரிகிற நகம் முடியைப் போல கெரட்டின் என்ற உயிரில்லாத புரதம். மெலிந்துபோன நகத்தில் எந்த சீரத்தைத் தடவினாலும் மறுபடி தடிக்காது. தோலுக்கு அடியில் இருக்கிற வேரிலிருந்து புது நகம் கிளம்பி, பழசைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் உண்டு. கைவிரலுக்கு மாதம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் வளரும். முழுசாக மாற ஆறு மாதம் பிடிக்கும். கால் கட்டைவிரல் என்றால் ஒரு வருஷத்துக்கு மேல். நடுவில் மூன்று சிட்டிங் என்ன, முப்பது சிட்டிங் உட்கார்ந்தாலும் அது அதன் வேகத்தில்தான் வரும்.

எப்படிக் கெட்டது என்று கேட்கிறவர்களுக்கு: பாலிஷ் போட்டதில் பாதி, எடுத்ததில் மீதி. ஜெல் பாலிஷ் என்றால் விளக்கொளியில் காட்டிக் கெட்டியாக்குகிற நகப்பூச்சு. அதை எடுக்க அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் யார் ஊறவிடுகிறார்கள்? ஐந்து நிமிடத்தில் ஃபாயிலைப் பிரித்து ஒரு இரும்புத் தகட்டால் நெம்புவார்கள். பாலிஷோடு நகத்தின் மேல் அடுக்கும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். ஒட்டிக்கொண்டிருப்பதற்கு டிரில் மெஷின். சூடு தாங்காமல் விரலை இழுத்தால் "கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா". பொறுத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாலு வருஷம்.

நானும் யோக்கியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் ரிசார்ட் ரிசப்ஷன் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிற பாலிஷை ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சமாக உரித்து, மேலே போய்ச் சேர்வதற்குள் ஐந்து விரலையும் மொட்டையாக்கிய நாள் உண்டு. அந்த சுகம் உரித்தவர்களுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது கட்டைவிரல் நகம் பாதி காய்ந்த ஜவ்வரிசி வத்தல் மாதிரி இருந்தது. அழுத்தினால் வளைகிறது, அடியில் சிவப்பு தெரிகிறது. மோதிர விரலில் நகம் பாதிக்குமேல் சதையை விட்டுத் தூக்கி வெள்ளையாக நிற்கிறது. வெந்நீரில் கை வைத்தால் உயிர் போகும். சேலம் ஐந்து ரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். தூக்கிய பகுதியை ஒட்ட வெட்டிவிட்டு, "ஈரம் சேரவிடாதீங்க, கிருமி பிடிச்சா பச்சையாயிடும்" என்றார். பாத்திரம் தேய்க்க உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரண்டு கையுறை. நகத்தோரத் தோலை வெட்டக் கூடாது, கிருமி உள்ளே போகாமல் தடுக்கிற கதவே அதுதான். ராத்திரி தேங்காய் எண்ணெய். அது நகத்தை வளர்க்காது, காய்ந்து பிளக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான் செய்ததெல்லாம் இதுதான். பேக்கேஜ் போடுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பயோட்டின், அதுதான் முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற வைட்டமின் மாத்திரை, சாப்பிடச் சொன்ன அண்ணன்களே, அக்காக்களே. போன பதிவில் மட்டும் இருபது பேர். உடம்பில் பயோட்டின் குறைவாக இல்லாதவர்களுக்கு அதனால் நகம் தேறும் என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. கூடவே இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அதிக அளவில் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை முடிவைக் குழப்பும். தைராய்டு அளவு தப்பாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட் கூடத் தப்பலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே எச்சரித்திருக்கிறது. தைராய்டோ இரும்புச்சத்தோ சரியில்லை என்றாலும் நகம் உடையும் என்று டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுக்கும்போது முதலில் கேட்டதே, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்பதுதான்.

"நாங்க பத்து வருஷமா போடறோம், ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு: சந்தோஷம்.

"மருதாணி வெச்சா போதாதா" என்பவர்களுக்கு: வைக்கிறேன். நீங்களும் வையுங்கள் மாமா.

"பியூட்டி பார்லர் பொண்ணுங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறே" என்று ஒரு தோழி எழுதியிருந்தாள். இது மட்டும் எனக்கு உறைத்தது. எனக்குப் போட்டுவிட்ட பெண் ஓமலூர்ப் பக்கம். இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. நாள் முழுக்க அந்த நகப்பொடியை மூச்சில் இழுக்கிறாள், முகத்தில் ஒரு மெல்லிய மாஸ்க். அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். கேட்டால் "சோப்பு ஒத்துக்கலக்கா" என்பாள். சோப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். காயாத ஜெல் தோலில் பட்டுப்பட்டு அலர்ஜி வரலாம். வந்தால் ஆயுசுக்கும் விடாது, பிற்பாடு பல் அடைக்கிற பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஜெல்லைக் காயவைக்கச் சேர்க்கிற டிபிஓ என்ற ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரிலிருந்து அழகுசாதனப் பொருள்களில் தடையே செய்துவிட்டது. நம்மூர் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன், முழுக்கச் சீன எழுத்து. அவள் பிழைப்பில் மண் போடுவது நானா? ஊறவிட நேரம் கொடுக்காமல் அடுத்த ஆளை உட்காரவைக்கிற முதலாளியைப் போய்க் கேளுங்கள். அவர் ரீல்ஸில் பிஸியாக இருப்பார்.

சரி, இதையெல்லாம் நான் பொறுமையாகத்தான் எழுதியிருப்பேன். அந்த ரீல்ஸுக்குக் கீழே சொந்தக்காரர் ஒருவர் என்னை டேக் செய்து, "வேலை வெட்டி இல்லாத கைக்குத்தான் இதெல்லாம் தோணும்" என்று எழுதாமல் இருந்திருந்தால். அதற்கு நாற்பத்திரண்டு சிரிப்பு. அதில் நாலு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

எங்கள் வீட்டில் கொலுசு வேலை. அம்மா சலங்கை வைத்துப் பற்றவைப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் நகக்கண் கறுப்பு. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா பள்ளிக்கூடம் வந்தார். பக்கத்துப் பெஞ்சுப் பெண், "உங்கம்மா கைக்கு என்னடி ஆச்சு?" என்றாள். நான் "எங்கம்மா இல்ல, பக்கத்து வீட்டு அக்கா" என்றேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. முதல் சம்பளத்தில் அந்தக் கடைக்குத்தான் போனேன். ரிசப்ஷனில் சாவியை நீட்டும்போது கை நன்றாக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். வேலை இல்லாத கையாம்.

ஐந்தாவது மாதம் இது. நேற்று ராத்திரி ரீல்ஸ் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கொலுசைத் தூக்கி என் மடியில் போட்டு, "திருகாணியக் கழட்டு பாப்பம்" என்றார். மார்ச்சில் இதே வேலையில்தான் நகம் குறுக்கே கிழிந்து ரத்தம் வந்தது. கட்டைவிரலை வைத்தேன். ஓரம் லேசாக வளைந்தது. கிழியவில்லை, ஆனால் திருகாணியும் அசையவில்லை. அம்மா வாங்கி, தன் கறுப்பு நகத்தால் அரைச் சுற்று தளர்த்தித் திருப்பிக் கொடுத்தார். மீதியை நான் கழற்றினேன்.