ரப்பர் ஊரில் ரப்பர் படுத்தும் பாடு

நேற்று சாயங்காலம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமியை பென்சிலில் வரைந்து, மீசை முறுக்குகூட ஒழுங்காக வந்து, அப்புறம் அதன் மேல் பேனாவில் கோடு போட்டு முடித்தேன். அதுவரை சரி. பென்சில் கோட்டை அழிக்க ரப்பரை வைத்ததுதான் தாமதம், மீசை காது வரைக்கும் ஈஷிக்கொண்டது.

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மழை விட்ட சாயங்காலம், காற்றே ஈரம், மை எங்கே காயும்? காய்ந்த இடத்திலாவது நிம்மதி உண்டா? பென்சிலை அழுத்திப் போட்ட இடத்தில் மை தாளில் இறங்காமல் கரி மேலேயே உட்கார்ந்துகொள்கிறது, அழிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்து கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடுகிறது. கரி குறைவாக ஒட்டும் கடினமான 2எச் பென்சிலில் போடு என்றார்கள். போட்டேன். கை அழுத்தத்தில் தாளில் பள்ளம் விழுந்தது, அதை எந்த ரப்பர் எடுக்கும்?

பென்சில் கோட்டை அழிக்க அருமையான பொருள் என்று 1770-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தது ரப்பரைத்தான். அந்த ரப்பருக்காக விடியற்காலையில் பால்மரம் சீவியவர் என் தாத்தா. இப்போது எங்கள் பக்கம் ரப்பர் மரத்துக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை, என் கையில் இருப்பதோ பிளாஸ்டிக் ரப்பர். முனியாண்டி கன்னமெல்லாம் கரியோடு முறைக்கிறார்.