பல்லைப் பார்க்க விடாமல் மாட்டை விற்கிறார்கள்

பழைய லேப்டாப் டிரைவ் ஒன்றை வாங்கி ஏமாந்தோம். நான்கு நாளாகியும் வயிறு எரிகிறது. 800 ரூபாய்தானே, விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். விட முடியவில்லை.

அக்கா மகள் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளிடம் இருப்பது அவள் அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஆறு நிமிடம் ஆகும். வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். கணக்குப் பாடத்துக்கு வேண்டிய டேலி மென்பொருள் திறப்பதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் வேகமான டிரைவ்) போட்டால் இந்த லேப்டாப் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று சொன்னது நான்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய். அதில் சேர்த்த பணத்தோடு என்னுடன் சனிக்கிழமை சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்தாள்.

எங்களுக்கு வேண்டியது பழைய லேப்டாப்புக்குப் பொருந்தும் 2.5 இஞ்ச் சாட்டா வகை, 500 ஜிபி. நுழைந்த கடையில் புதுசு 4,200, பழசு 2,700 என்றார்கள். 1,500 ரூபாய் வித்தியாசம் அவளுக்குச் சின்னத் தொகை இல்லை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரி சிப்புகள் வண்டி வண்டியாகப் போவதால் 2025 கடைசியிலிருந்தே எஸ்எஸ்டி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. புதுசு எட்டாத உயரத்துக்குப் போகும்போது மாணவர்கள் பழசைத்தான் தேடுவார்கள். அது கடைக்காரர்களுக்கும் தெரியும்.

"லேப்டாப்ல இருந்து எடுத்தது சார், வீட்டு யூஸ்தான். ஹெல்த் 98 சதவீதம்" என்று கவுன்டரில் இருந்த பையன் தன் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினான். தம்பி, இந்த டிரைவை உன் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு நிமிடம் காட்டு என்றேன். "கூட்டமா இருக்கு சார், எல்லாருக்கும் மாட்டிக் காட்டிட்டு இருந்தா யாவாரம் பண்றது எப்படி? ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி இருக்குல்ல" என்றான். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும், ரேட் வேற" என்றான். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். வெயிலில் நாலு கடை ஏறி இறங்கியிருந்தோம். "ஏழு நாள் டைம் இருக்கே மாமா, வாங்கிடலாம்" என்றாள். யுபிஐயில் பணம் கட்டி வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். இலவச மென்பொருள், பெரும்பாலான டிரைவ்களின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஹெல்த், அதாவது மிச்சமிருக்கும் ஆயுள், 58 சதவீதம். ஓடிய நேரம் 31,240 மணி. மொத்தம் எழுதியது 212 டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி). ஆன் செய்யப்பட்ட தடவைகள் வெறும் 58.

31,240 மணி நேரம் என்றால் இரவு பகல் ஓயாமல் மூன்றரை வருடம். அதிலும் 58 தடவைதான் ஆன் ஆகியிருக்கிறது என்றால், ஒருமுறை ஆன் செய்தால் சராசரியாக 22 நாள் அணைக்காமல் ஓடியிருக்கிறது. உலகத்தில் எந்த வீட்டு லேப்டாப் 22 நாள் அணையாமல் ஓடும்? நாள் ஒன்றுக்கு 160 ஜிபிக்கு மேல் எழுதியிருக்கிறது. என்னவாக இருக்கும் என்று குழம்பிக்கொண்டிருந்தபோது டிரைவில் தனியாகப் பிரித்து வைத்த இரண்டாவது பார்ட்டிஷன் ஒன்று கண்ணில் பட்டது. அதை அழிக்கக்கூட இல்லை. திறந்தால் தேதி வாரியாக வீடியோ ஃபைல்கள். ஏதோ ஒரு குடோன் வாசல், அடுக்கிய மூட்டைகள், ஷட்டர் ஓரம் படுத்திருக்கும் ஒரு நாய். சிசிடிவி ரெக்கார்டிங்! மூன்றரை வருடம் கேமரா பதிவை எழுதி எழுதி அழித்த டிரைவைத்தான் "வீட்டு யூஸ்" என்று ஒரு படிக்கிற பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய குடோன் காட்சிகளையும் சேர்த்து விற்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை.

பழைய எஸ்எஸ்டி வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஃபிளாஷ் செல்லுக்குள் எலெக்ட்ரானைப் பிடித்து வைக்கும் மெல்லிய படலம் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் கொஞ்சம் தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் நிறுவனங்கள் டிபிடபிள்யூ, அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதலாம், என்று ஒரு வரம்பு சொல்கின்றன. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300 டிபி, அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. நம்மைப் போல ஒருவர் நாளுக்கு 20 ஜிபி எழுதினால் வருடத்துக்கு ஏழு டிபி சொச்சம். 300 டிபியை எட்ட நாற்பது வருடம் ஆகும். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து கழற்றிய, 3,000 மணி நேரம் ஓடி 8 டிபி எழுதிய டிரைவ் கிடைத்தால் நானே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை, விலை பாதிக்கும் கொஞ்சம் மேல். ஏழைப் பிள்ளைகளுக்கு அருமையான வழி அது. அந்த வழியைத்தான் இவர்கள் நாசம் செய்கிறார்கள். 8 டிபி எழுதியதும் 212 டிபி எழுதியதும் ஒரே ஷெல்ஃபில் ஒரே விலையில் கிடக்கிறது. வெளியில் பார்த்தால் இரண்டுமே ஒரே கறுப்புத் தகடு.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது காளை வாங்குவார்களா? தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது என்றார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குமா? பழைய பைக் வாங்கப் போனால் கிலோமீட்டர் பார்க்கிறோம். அடகுக் கடையில் ஒரு கிராம் மோதிரத்தைக்கூட உரசிப் பார்க்கிறார்கள். எஸ்எஸ்டி தன் வயதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது, பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத் தர மாட்டேன் என்பவனுக்கு நேரமில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஹார்ட் டிஸ்க்காவது சாவதற்கு முன் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் அதுகூடச் செய்யாது. நேற்று ராத்திரி ஓடியது, காலையில் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பெயரே வராது. அந்தப் பிள்ளையின் செமஸ்டர் புராஜெக்ட் அதில் இருந்திருந்தால்?

திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோனேன். அதே பையன் அதே சிரிப்போடு, "ஓடுதுல்ல சார்? ஓடுற பொருளை எப்படி ரிட்டர்ன் எடுக்கறது?" என்றான். டெஸ்டிங் வாரண்டி என்பது ஓடாமல் போனால் மட்டுமாம். 98 என்று காட்டினாயே என்றால், "அது வேற பீஸ் ஸ்கிரீன்ஷாட் சார், மாறிருக்கும்." ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு 1,900 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். 800 ரூபாய் போனது. ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்கு ஒரு மாதம் எடுத்த டியூஷன் காசு அது.

அப்புறம், புதுசு வாங்கினால் தலைவலி இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. பில் இல்லாத புதுசு புதுசே இல்லை. நாளைக்குக் கெட்டுப்போனால் கம்பெனி வாரண்டிக்கு எதைக் காட்டுவீர்கள்? சீல் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலருக்குரிய தொழிற்சாலை மென்பொருள் கையில் இருந்தால் ஓடிய மணிக்கணக்கைச் சுழியமாக்கவும் முடியும். பெயர் தெரியாத பிராண்டில் 2 டிபி என்று அடிமாட்டு விலைக்கு வருகிறதே, அதைத் திறந்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும் கதையும் உண்டு. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்தால்தான் அது வெளிவரும்.

இரண்டு கடை தள்ளி ஒரு பெரியவர் புது டிரைவைப் பிரித்துத் தானே மாட்டிக் காட்டினார். மணி சுழியம், ஆன் ஆனது ஒரு தடவை. சீரியல் நம்பரோடு பில் போட்டு என்னிடம் 4,400 ரூபாய் வாங்கினார். கூட்டம் அவர் கடையிலும் இருந்தது.

லேப்டாப் இப்போது இருபது விநாடிக்குள் திறக்கிறது. பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் ஆறவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. டிரைவ் இப்போது என்னிடம் இல்லை, ஆனால் சீரியல் நம்பர் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ பதிவும் இருக்கின்றன. நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். அந்த 800 ரூபாய் அவள் கைக்குத் திரும்பி வரும்வரை நான் விடப் போவதில்லை.