முகத்துவாரம் தூர்ந்து போறதுக்கு ஆறு மட்டும் காரணம் இல்ல

எங்க முகத்துவாரம் தூர்ந்தாலும் பழி ஆத்து மேலதான் விழுது, மேல இருந்து மண்ண அடிச்சிட்டு வந்து கொட்டுது, தூர் வாரிட்டா சரியாப் போச்சுன்னு. அதுல பாதி கதைதான் இருக்கு. கடலும் தன் பங்குக்கு சேத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கு, அதை யாரும் பேசறதே இல்லைங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

நல்ல தண்ணியில களிமண் துகளெல்லாம் நெகட்டிவ் சார்ஜோட ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டுக்கிட்டே மிதந்து வரும், உப்புத்தண்ணி கலந்ததும் அந்தத் தள்ளல் அடங்கி எல்லாம் ஒட்டிக்கிட்டு பஞ்சு பஞ்சா திரண்டு கீழ இறங்கும். அடியில என்ன இருக்குங்கறீங்க? உப்புத்தண்ணி கனம், அதனால அது ஆத்துத்தண்ணிக்கு அடியில பூந்து உள்பக்கமா ஏறிட்டிருக்கும். மேல தண்ணி கடலுக்குப் போகுது, அடியில கடல் உள்ள வருது! இறங்கின சேறு வந்த வழியே திரும்புது.

அப்புறம் ஓதம், அதாவது கடல் தண்ணி தினமும் ஏறறதும் (ஏத்தம்) இறங்கறதும் (வத்தம்). ஆழம் கம்மியான முகத்துவாரத்துல பெரும்பாலும் ஏத்தம் சீக்கிரமா வேகமா வந்துடும், வத்தம் நிதானமா ரொம்ப நேரம் எடுத்து இறங்கும், வேகமான தண்ணிதான் அதிகம் மண்ணைத் தூக்கும்ங்கறதால உள்ள வந்த அளவு வெளிய போறதில்ல. நடுவுல தண்ணி அசையாம நிக்கற கொஞ்ச நேரத்துல படியற சேறு இறுகிடுச்சுன்னா அப்புறம் அதைக் கிளப்ப முன்ன விட பெரிய வேகம் வேணும். அமாவாசை, பௌர்ணமி ஓதம் கொஞ்சத்தைக் கிளப்பும், அஷ்டமி பக்கம் வேகம் குறைஞ்சு மறுபடி படிஞ்சிடும்.

20,000 வருஷம் முன்ன கடல் மட்டம் இப்ப இருக்கறதை விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, பனி உருகி கடல் ஏறினப்ப முங்கின பள்ளத்தாக்குதான் இன்னைக்கு இருக்கற பல முகத்துவாரம். பள்ளம்னா மண்ணு வந்து நிரம்பத்தான் செய்யும், அதனால தூர்றது இயற்கைதான், அதை நான் மறுக்கல.

ஆனா ஜெர்மனி-நெதர்லாந்து எல்லையில கடல்ல சேர்ற எம்ஸ் ஆத்தைப் பாருங்க, பெரிய கப்பல் போறதுக்காக தோண்டித் தோண்டி ஆழமாக்கினாங்க, ஏத்தத்தோட வேகம் இன்னும் கூடி, இப்ப அடியில கூழ் மாதிரி சேறு, கோடையில மீனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இல்ல. தோண்டினதே சேத்தை இழுத்துக்கிட்டு வந்துச்சு.

இது தெரிஞ்சும் பல எடத்துல ஓரத்துச் சேத்து வெளியையும் அலையாத்திக் காட்டையும் அடைச்சு மனை போடறாங்க. ஓதம் பரந்து விரிஞ்சு, வேகம் குறைஞ்சு, சேத்தை இறக்கிவைக்கற எடமே அதுதாங்க, அது இல்லாம போனா அத்தனையும் கப்பல் போற வாய்க்கால்லதான் வந்து உக்காரும்.