அந்தப் பச்சையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஓவியரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்து மனம் நிறைந்தது. யாரிடமும் பாடம் கேட்காமல், சிறு வயது முதல் வயலையும் வாய்க்காலையும் பார்த்துப் பார்த்தே வரையக் கற்றவர். ஆனால் குரு இல்லாதவர் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, அவர் எதைப் பார்த்தார் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

கட்டுரையில் உள்ள நடவு வயல் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாற்றங்காலில் நாற்று அடர்பச்சையாக நிற்கிறது. அதே நாற்று, பறித்து நட்ட வயலில் வெளிறித் தலை சாய்ந்திருக்கிறது. வேர் பிடிக்கும் வரை பயிர் அப்படித்தான் இருக்கும். வரப்போரம் தேங்கிய நீரில் மட்டும் வண்டலின் செம்மை. சேற்றில் இறங்கி நின்றவரின் கண் இது. எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடம் கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றைத் தீட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. இன்று நம்மோடு வாழும் கலைஞரையாவது நம் மக்கள் அறிய வேண்டாமா? அவருடைய ஓவியக் கண்காட்சியைச் சென்னையில் மட்டும் வைக்காமல் திருவாரூரிலும் நாகையிலும் வைக்க யாராவது முன்வர வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நானே அழைத்து வருகிறேன்.

இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சாய்ந்த தென்னந்தோப்புகளை அவர் வரைந்திருக்கிறாரா? கேட்டு எழுதுங்கள்.