கறுப்பின வாக்கு யாருடைய சொத்து?

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்ததிலிருந்து ஒரு பழி ஓயவே மாட்டேன் என்கிறது. கறுப்பின ஆண்கள் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸைக் கைவிட்டுவிட்டார்களாம். எனக்கு இது பொறுக்கவில்லை. வாக்களித்த கறுப்பின ஆண்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அவருக்குத்தான் போட்டார்கள். வெள்ளை ஆண்களில் பெரும்பான்மையோர் குடியரசுக் கட்சியின் டிரம்ப் பக்கம் நின்றார்கள். அவர்களை யாரும் துரோகி என்று ஏசக் காணோம்.

டிரம்புக்குப் போட்ட கறுப்பின இளைஞர்கள் முன்பைவிடக் கூடியிருப்பது உண்மைதான். சரி, அது எப்படிக் குற்றமாகும்?

1962இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் வாக்காளராகப் பதியப் போனார். பருத்தித் தோட்டத்தில் 18 வருடம் உழைத்தவர். அன்றைக்கே தோட்ட முதலாளி வந்து, மனுவைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்றார். "உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். அன்று இரவே வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த வாக்கு எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த பட்டா அல்ல. லிங்கனின் கட்சி என்று குடியரசுக் கட்சியோடு இருந்த சமூகம், ரூஸ்வெல்ட் காலத்தில் நகரத் தொடங்கி, 1964க்குப் பிறகு ஏறக்குறைய மொத்தமாக ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டமும், வாக்களிப்பதில் அந்தப் பாகுபாட்டைத் தடுத்த வாக்குரிமைச் சட்டமும் கிடைத்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. பேரப்பிள்ளைகள் பார்த்தது வேறு.

2021 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வந்து ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர்கள் வார்னாக், ஆசாஃப் இருவரையும் ஜெயிக்க வைத்தார்கள். அதனால்தான் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. மாநில அரசு அந்த வருடமே புதுச் சட்டம் போட்டது: வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தால்கூடக் குற்றம். மணிக்கணக்கில் வரிசை நீள்வது பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2013இல் உச்ச நீதிமன்றம் பல்லைப் பிடுங்கிய வாக்குரிமைச் சட்டத்துக்கு உயிர் கொடுக்க, சிவில் உரிமைப் போராளி ஜான் லூயிஸ் பெயரில் ஒரு மசோதா இருந்தது. விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும் என்ற செனட் விதியை வைத்து குடியரசுக் கட்சி அதைத் தடுத்தது. அந்தத் தடையைத் தாண்ட விதியை மாற்றலாம் என்றபோது, ஜனநாயகக் கட்சியினர் இருவரே மறுத்தார்கள். 2022 ஜனவரியில் மசோதா செத்தது.

ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் கையில் எடுத்துக் கொடுத்த அதே செனட்டில்தான் இது நடந்தது. இன்று ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில் ஓர் இளைஞன் "எங்கள் வாக்கை வாங்கி என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், நன்றிகெட்டவன் என்று அவனைத் திட்டக் கட்சிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?