வில்லுக்காக விழும் மரம்

வயலின் வில் செய்யப் பயன்படும் பெர்னம்புகோ மரத்துக்கான ஏற்றுமதி விதிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இசைக் கலைஞர்களை ஏன் இப்படி வாட்டுகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். நானும் வயலின் வாசிப்பவன்தான். இந்த விதிகள் பல காலம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பிரேசிலின் அட்லாண்டிக் கடலோரக் காட்டு மரம் இது. அந்த நாட்டுக்கே பெயர் கொடுத்த மரம். 16ஆம் நூற்றாண்டிலேயே சிவப்புச் சாயத்துக்காகப் போர்த்துக்கீசியர்கள் இதை வெட்டிக் கப்பல் ஏற்றினார்கள். பிறகு கரும்புக்கும் காப்பிக்கும் காடே அழிந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பிரான்சுவா தூர்த் என்ற வில் செய்பவர் இன்றைய வயலின் வில்லுக்கு வடிவம் கொடுத்தார். அதற்கு இந்த மரமே வாய்த்தது. சூடு காட்டி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், மெலிதாக இழைத்தாலும் துவளாது. ஆனால் மரம் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள ஒரு வில்லுக்காக அறுத்த கட்டையில் பெரும்பகுதி சீவலாகவும் துண்டாகவும் போய்விடுகிறது.

2007இல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். மரத்தடிக்கும் பலகைக்கும் முடிக்கப்படாத வில்கட்டைக்கும் அனுமதி வேண்டும். செய்து முடித்த வில்லுக்கு அன்று வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு பெரிய ஓட்டை! திருட்டு மரத்தைப் பிரேசிலிலேயே வில்லாக்கிவிட்டால் போதும், சைட்டீஸ் அனுமதி எதுவும் இல்லாமல் அது நாட்டைவிட்டு வெளியேறும். 2022இல் பனாமா மாநாட்டில்தான் அதை அடைத்தார்கள். முடித்த வில்லும் பிரேசிலை விட்டு முதன்முறை வெளியேறும்போது அனுமதி பெற வேண்டும், ஏற்கெனவே வெளியே இருக்கும் வில்லை மறுஏற்றுமதி செய்யத் தேவையில்லை என்று அங்கே முடிவானது. பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

இடம் மாறிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2017இல் ஈட்டி மரப் பேரினம் முழுவதும் பட்டியலுக்குள் வந்தது. பெருங்கொள்ளை நடந்ததோ சீனத்து அறைகலன் சந்தைக்காக. ஆனால் அந்த மரங்களில் கிதார், கிளாரினெட் செய்பவர்களும் விற்பவர்களும் காகிதங்களோடு அலைந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு நியாயமானது. அதைக் காட்டி, காட்டில் நிற்கும் பெர்னம்புகோவுக்கும் சலுகை கேட்பது நியாயமே அல்ல.

காட்டு மரத்தில் இனி ஒரு புதிய வில்கூடச் செய்யக் கூடாது. நட்டு வளர்த்த மரம் என்றால், நட்ட இடமும் வெட்டிய ஆண்டும் பதிவில் இருக்க வேண்டும். வில் செய்பவர்களே பணம் திரட்டிப் பிரேசிலில் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். அவை வைரம் பாயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை பழகும் பிள்ளைகளுக்குக் கார்பன் இழை வில் தாராளமாகப் போதும். என்னிடம் யோசனை கேட்கும் பெற்றோர்களிடம் அதையே வாங்கச் சொல்கிறேன்.