பெத்தவகிட்ட போய் "நான் என்ன செய்யட்டும்"னு கேக்காதீங்க

குழந்தை பிறந்த வீட்ல உதவிக்கு ஆள் இருக்கானு தான் எல்லாரும் விசாரிப்பாங்க, அந்த ஆளுங்கள யார் மேய்க்கறாங்கனு யாரும் கேக்க மாட்டாங்க. என் தங்கச்சி வீட்ல பாத்தேன். அம்மா இருக்காங்க, அவ மாமியார் இருக்காங்க, சமையலுக்கு ஒருத்தங்க, குழந்தைய பாத்துக்க ஒரு அக்கா. அவ்ளோ பேர் இருந்தும் அவ கொஞ்சம் கண்ண மூடினா போதும், கதவு திறக்கும். மதியத்துக்கு என்ன வைக்கட்டும், குழந்தை துண்டு எங்க இருக்கு, அந்த அக்கா நாளைக்கு லீவு கேக்குது என்ன சொல்லட்டும். தையல் வலியோட படுத்திருக்கறவ படுக்கைல இருந்தே ஒரு ஆபீஸ் நடத்திட்டு இருக்கா.

பச்சக் குழந்தை 24 மணி நேரத்துல 8ல இருந்து 12 தடவை பால் குடிக்கும். குடிக்க வச்சு, ஏப்பம் வர வச்சு, துணி மாத்தி படுக்க வைக்க ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்னு வச்சாலும், 10 தடவைக்கு ஏழரை மணி நேரம், அதுல பாதி ராத்திரில. இதுக்கு மேல அவ தலைல வீட்டு நிர்வாகத்தையும் வைக்கறது அநியாயம்ங்க. அந்த வேலை புருஷனோடது. அவர் ஊர்ல இல்லனா வேற யாராவது ஒருத்தர், ஆனா ஒரே ஒருத்தர். எல்லா கேள்வியும் அவர்கிட்ட போகணும், எல்லாருக்கும் அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

ஏன் ஒருத்தர்னா, வேலைக்கு வர்றவங்க நிலைமைய யோசிச்சு பாருங்க. குழந்தை துணிய தனியா துவைனு ஒருத்தர் சொல்வாங்க, சேர்த்தே மெஷின்ல போடுனு இன்னொருத்தர், எதை செஞ்சாலும் திட்டு. குழந்தைய பாத்துக்கனு கூப்பிட்டுட்டு வர்ற விருந்தாளிக்கெல்லாம் காபி போட சொல்றது அதவிட மோசம். நேரம் என்ன, வார லீவு எப்போ, எந்த வேலை அவங்களோடது இல்லனு முதல் நாளே பேசிடணும். ராத்திரி முழிச்சு பாத்துக்கறவங்கன்னா பகல்ல அவங்களும் தூங்கணும்ல?

சொந்தக்காரங்க விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றது ஒண்ணு தான், அவங்கவங்க அம்மாகிட்ட அவங்கவங்க பேசுங்க. ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட வேண்டாம், மல்லாக்க தான் படுக்க வைக்கணும், தலையணை வேண்டாம், சளி இருமல் இருந்தா குழந்தைய தூக்க வேண்டாம், இதெல்லாம் மருமக சொன்னா சண்டை, மகன் சொன்னா டாக்டர் சொன்ன விஷயம். அப்புறம் எல்லாரும் முதல் வாரமே கூட்டமா வந்து கூட்டமா கிளம்பறத விட்டுட்டு, பிரிச்சு பிரிச்சு வந்தா எவ்ளோ நல்லது, உடம்பு தேற ஆறு வாரமாவது ஆகுமே.

பிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி பேனாவையும் கட்டி தொங்க விடுங்க. எப்போ பால் குடிச்சான், எத்தனை தடவை நனைச்சான் (அஞ்சாவது நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது இருக்கணும்), சொட்டு மருந்து கொடுத்தாச்சா, கொடுத்தவங்க யாரோ அவங்களே எழுதணும். கை மாறுற வீட்ல பாட்டி காலைல கொடுத்த சொட்டையே அந்த அக்கா மறுபடியும் கொடுத்துட வாய்ப்பு நெறைய. அதே பேப்பர்ல கீழ பெருசா எழுதுங்க, குழந்தைக்கு ஜுரம் 38 டிகிரி செல்சியஸ் தொட்டா, அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துலயே ஒரு பேட் முழுசா நனைஞ்சா, யாரையும் கேட்டுட்டு நிக்காம உடனே ஆஸ்பத்திரினு. பக்கத்துலயே போன் நம்பர்.

இன்னொண்ணு. முதல் சில நாள் காரணமே இல்லாம அழுகை வர்றது குழந்தை பெத்தவங்கள்ல நெறைய பேருக்கு இருக்கு, தானா சரியாகிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தா, குழந்தை தூங்குறப்போ கூட அவளால தூங்க முடியலனா, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும், "எல்லாருக்கும் வர்றது தான்"னு தள்ளிப் போடக்கூடாது. இத வீட்டு ஆளுங்களுக்கு முன்னாடி கவனிக்கறது பல சமயம் பகல் முழுக்க அதே ரூம்ல இருக்கற அந்த அக்கா தான், ஆனா நமக்கெதுக்குனு சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் அவங்க கிளம்பறப்போ குழந்தைய பத்தி மட்டும் கேக்காம, அவ சாப்பிட்டாளா, தூங்கினாளா, பேசினாளானும் கேளுங்க.